குழவியைக் கொண்டு வருக

சித்தருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் அருள் வரும். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருக்கிறது என்பது அருளுக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிறு விடிந்தால் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் ஏற முடியாது. எல்லோரும் பெருமாளைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். பாதிப் பேர் காவிரிப் பாலம் தாண்டியதும் மாம்பழச்சாலையில் இறங்கிவிடுவார்கள். ஆளுக்கொரு பிள்ளையை மணிக்கட்டில் பிடித்திருப்பார்கள். பிள்ளை திமிறிக்கொண்டிருக்கும். "அசையாமனச் சித்தர் எல்லாம் இறங்கு" என்று கண்டக்டரே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பெருமாளுக்குக்கூட அப்படி ஒரு ஸ்டாப்பிங் கிடையாது.

இது நடந்தது 1982-இல். தை பிறந்ததுமே திருச்சிச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். உங்கள் பிள்ளை ஓரிடத்தில் உட்காருவதில்லையா? சொன்னது காதில் ஏறுவதில்லையா? பென்சிலைத் தொலைத்துவிட்டு வருகிறதா? பாடம் நடக்கும்போது ஜன்னலைப் பார்க்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு 'இல்லை' என்று பதில் சொல்லக்கூடிய பெற்றோர் திருச்சி ஜில்லாவில் யாருமில்லை. நோட்டீஸை எழுதியவருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

கவனம் நிற்காத பிள்ளைகளுக்கு இன்றைக்கு டாக்டர்கள் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நம்மூரில் இருந்த பெயர்கள் வாலு, குரங்கு, அடங்காப்பிடாரி. வைத்தியம் பிரம்பு. அப்படிப்பட்ட ஊரில், 'உங்கள் பிள்ளை கெட்டபிள்ளை இல்லை, மனசு ஓடுகிறது, அவ்வளவுதான், நிறுத்திவிடலாம்' என்று தாடி வைத்த ஒருவர் சொன்னால் தாய்மார்கள் காலில் விழாமல் என்ன செய்வார்கள்? எனக்கு அந்தத் தாய்மார்கள் மேல் கோபமே இல்லை. தாடியின் மேல்தான்.

சித்தர் குடியிருந்தது, முன்பு நெல் மூட்டை அடுக்கிய ஒரு பழைய கூடத்தில். புலித்தோல் மாதிரி அச்சடித்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருப்பார். நம் மாதிரிப் பேசமாட்டார். வாயைத் திறந்தால் செந்தமிழ். குழந்தை, பிள்ளை என்ற சொற்களெல்லாம் அவருக்கு மட்டம். "குழவியைக் கொண்டு வருக" என்பார். பழைய தமிழில் குழவி என்றால் குழந்தை என்று தமிழ் வாத்தியார்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் குழவி என்றால் அம்மிக்கல்மேல் கிடப்பது. முதல் வாரம் ஒரு அம்மாள் திருதிருவென்று விழித்துவிட்டு, "அதைக் கொண்டாரலீங்களே சாமி" என்றாளாம். சிஷ்யன்தான் விளக்கம் சொன்னான்.

வைத்தியம் இப்படி. பச்சமலை உச்சியில் மனங்காட்டி என்று ஒரு வேர் கிடைக்குமாம். தென்னங்குச்சி அளவுதான் இருக்கும். முதல் தடவை வரும் பிள்ளை சீயக்காய் தேய்த்துத் தலைக்குக் குளித்துவிட்டு வறண்ட தலையோடு வர வேண்டும். வாசலில் சாம்பல் போட்டுக் கையைக் கழுவி அலச வேண்டும். உள்ளே வந்ததும் வலது கையைத் தன் தலையில் வைத்து, "இது என் மனசு" என்று சத்தியம் செய்ய வேண்டும். பிறகு அதே கை விரலைப் பித்தளைத் தட்டிலுள்ள காவிரித் தண்ணீரில் தோய்க்க வேண்டும். சித்தர் கண்ணை மூடிக்கொண்டு வேரைத் தண்ணீரில் விடுவார். வேர் தட்டு முழுக்கப் பேய் பிடித்த மாதிரிச் சுற்றி ஓடும். "குழவியின் மனம் ஓடுகிறது பார், ஓடுகிறது பார்" என்பார்.

அப்புறம் ஒரு மண்டலம் லேகியம். காலை ஒரு உருண்டை, மாலை ஒரு உருண்டை. வல்லாரை, பிரமி, இன்னும் பெயர் சொல்லக்கூடாத மூலிகை. மண்டலம் முடிந்ததும் தலையில் நல்லெண்ணெய் வழிய வழிய வைத்து அழைத்து வர வேண்டும். சூட்டைத் தணிக்கவாம். மறுபடி சாம்பல், தலையில் கை, சத்தியம், விரல். வேர் செத்த பல்லி மாதிரி அசையாமல் கிடக்கும். கூடமே "ஆ" என்று வாயைப் பிளக்கும். லேகியத்துக்கு மட்டும்தான் விலை. அருள் இலவசம்.

வேருக்கு மதபேதம் கிடையாது. இந்துக்கள் ரங்கநாதர் பெயரால் சத்தியம் செய்யலாம், கிறிஸ்தவர்கள் மாதா பெயரால், முஸ்லிம்கள் அல்லாஹ் பெயரால். ஏமாற்றுகிற விஷயத்தில் அவரைப் போல் சமரசம் பார்த்தவர் நம்மூரில் அபூர்வம்.

மேலப்புதூர் லூர்துராணி தன் மகளை அங்கே அழைத்துக்கொண்டு போனது வேறு வழியில்லாமல்தான். மகள் பேட்ரிசியாவுக்கு ஒன்பது வயது. கான்வென்ட்டில் நாலாம் வகுப்பு. பாடம் நடக்கும்போது எழுந்து போய் ஜன்னலில் அணிலைப் பார்ப்பாள். பக்கத்துப் பிள்ளையின் சடையை அவிழ்த்து மறுபடி பின்னிவிடுவாள். கணக்கில் பாதி போட்டுவிட்டு மீதியில் படகு வரைவாள். ஹெட்மிஸ்ட்ரஸ் லூர்துராணியைக் கூப்பிட்டு, "முழுப் பரீட்சை வரைக்கும் பாக்கறேம்மா. அதுக்குள்ள அடங்கலைன்னா டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். லூர்துராணி அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பிலேயே அழுதாள்.

அவளுடைய புருஷன் பெயர் தைரியராஜ். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது, பிறந்த அன்றைக்கு அவர்களுக்கு என்ன தெரியும். ஆபீஸில் மேனேஜர் தும்மினால் இவர் எழுந்து நிற்பார். "உனக்குச் சரின்னு பட்டா செய்யி ராணி" என்பதற்கு மேல் அவர் வீட்டில் எதுவும் சொன்னதில்லை.

லேகியம் வேலை செய்தது. அதுதான் கொடுமை. ஒரு வாரத்தில் பேட்ரிசியா அடங்கினாள். இரண்டாவது வாரத்தில் வகுப்பில் கை கட்டி உட்கார்ந்தாள். அணில் வந்தது, போனது, அவள் திரும்பவில்லை. "இப்பதான் பொம்பளப் பிள்ளையா இருக்கா" என்று டீச்சர் பாராட்டினார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கண் செருகியது. படகு வரைவதும் நின்றுபோனது. லூர்துராணி மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தியும் சித்தருக்கு ஒரு ரோஜா மாலையும் வாங்கினாள்.

மண்டலம் முடிகிற சமயத்தில் தைரியராஜின் அக்கா சகாயம்மாள் வந்து சேர்ந்தாள். மதுரையில் நர்ஸாக இருந்தவள். தில்லை நகரில் புதிதாகத் திறந்த ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்து, தம்பி வீட்டில் பெட்டியை இறக்கினாள். ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்கிற மருமகள் சுவரில் சாய்ந்தபடி, "வாங்க அத்தை" என்று மட்டும் சொன்னது அவளுக்கு என்னவோ செய்தது.

முதல் காரியமாக அவள் மருமகளின் தலையைப் பார்த்தாள். பேன். ஞாயிறு காலையில் மருந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, நாலு தண்ணீர் ஊற்றி அலசி, சீப்பால் வாரி விட்டாள். லூர்துராணி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

"அண்ணி, இன்னிக்குச் சாமிகிட்ட காட்டணும். தலை நிறைய எண்ணெய் வச்சுட்டு வரச் சொல்லியிருக்காரு."

"பேனுக்கு மருந்து போட்டிருக்கேன் ராணி. இன்னிக்கு எண்ணெய் கூடாது. அந்தச் சாமி கேட்டா என்னைக் கை காட்டு. நானும் வரேன், பாக்கணும் அவரை."

கூடத்தில் இவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் பாலக்கரை நஜ்முன்னிசா. புருஷன் துபாயில். மகன் கலீலும் இவர்களைப் போலவே முதல் மண்டலத்தில் இருந்தான். ஏழு வயதுப் பையன், தாய் மடியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். "ரேடியோல வர்ற பாட்டெல்லாம் ஒண்ணு விடாம பாடுவான். வாய் மூடாது. இப்ப மாஷா அல்லாஹ் அமைதியாயிட்டான்" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. குரலில் இல்லை.

பேட்ரிசியாவின் முறை வந்தது. தலையில் கை வைத்தாள், கண் செருகியபடியே மாதா பெயரால் சத்தியம் செய்தாள், விரலைத் தோய்த்தாள், அப்படியே அம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கூட்ட மும்முரத்தில் சித்தர் தலையைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடி வேரை விட்டார். வேர் தட்டைச் சுற்றித் தறிகெட்டு ஓடியது.

கூட்டம் முணுமுணுத்தது. சித்தர் ஒரு கண்ணைத் திறந்து, நிலைமையைப் புரிந்துகொண்டு, மறுபடி மூடிக்கொண்டார். "மேல்மனம் உறங்குகிறது. அடிமனம் ஓடுகிறது. குழவிக்கு இன்னும் ஒரு மண்டலம். உருண்டை இரட்டிப்பு."

லூர்துராணி அழ ஆரம்பித்தாள். பரீட்சைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்தவன் ஒரு கொழுகொழுப் பையன். மண்டலம் முடித்தவன் என்றார்கள். லேகியத்தை ஒரு நாளும் விழுங்கியிருக்கமாட்டான் போலிருக்கிறது, சிஷ்யனின் துண்டை உருவிக்கொண்டு கூடத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டுத்தான் தட்டின் முன்னால் வந்தான். நெற்றியில் எண்ணெய் வழிந்தது. தலையைத் தொட்டான், விரலைத் தோய்த்தான். வேர் அசையவில்லை. "மனம் நின்றது" என்றார் சித்தர். மனம் நின்ற பையன் அதற்குள் வாசலில் இருந்தான்.

சகாயம்மாள் இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தூங்குகிற பிள்ளைக்கு மனசு ஓடுகிறதாம், ஓடுகிற பிள்ளைக்கு நின்றுவிட்டதாம். சிஷ்யன் ஒவ்வொரு பிள்ளைக்கும் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் புதுத் தண்ணீர் ஊற்றுவதையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'தோஷம் ஒட்டாமல் இருக்க' என்றான். கிளினிக்கில்கூட யாரும் இவ்வளவு சுத்தமாகத் தேய்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மருமகளை வெளிச்சத்தில் நிறுத்திக் கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. லேகியத்தை முகர்ந்தாள், நுனி நாக்கில் வைத்துத் துப்பினாள். வெல்லத்துக்கு அடியில் ஒரு கசப்பு. ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்தவளுக்கு அது புதிதல்ல.

"ராணி, இது அபின்."

"என்ன அண்ணி சொல்றீங்க? மூலிகைன்னாரே."

"அபினும் செடியிலேர்ந்துதான் வருது. பிள்ளைக்கு மனசு நிக்கலை. பிள்ளையே நின்னுபோயிட்டு இருக்கு. இன்னும் ஒரு மண்டலம் ரெட்டிப்பாக் குடுத்திருந்தா மூச்சும் நின்னிருக்கும்."

லூர்துராணி டப்பாவை மூடித் தள்ளி வைத்தாள். பிறகு, "அப்ப அந்த வேர் ஓடினது?" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு வேர்தான். அவளைக் குற்றம் சொல்லி என்ன, நேரில் பார்த்தவள் அல்லவா.

சகாயம்மாள் தன் கிளினிக் டாக்டரிடம் பிள்ளையைக் காட்டினாள். லேகியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். பேட்ரிசியா இரண்டு நாள் வாந்தி எடுத்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எழுந்து உட்கார்ந்து வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தாள். லூர்துராணி அடுப்படியில் நின்று அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை, அந்தச் சாமி வேருக்கு வால்ல வெள்ளையா ஒட்டியிருக்கும். முதல் தடவை போனப்பவே பாத்தேன். என் வாத்துக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"எந்த வாத்து?"

"போன வருஷம் ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துல அப்பா வாங்கித் தந்தாங்களே. தண்ணியில விட்டா தானா ஓடுமே."

எல்லோரும் சித்தரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பார்க்கவேண்டிய இடத்தைப் பார்க்காத அந்தப் பிள்ளை வேரின் வாலைப் பார்த்திருக்கிறது. கவனம் இல்லாத பிள்ளை என்று அதற்குப் பேர்.

திருவிழா வாத்தின் வாலில் ஒட்டுவது கற்பூரம் என்று சகாயம்மாளுக்குத் தெரியும். கடையிலிருந்து பூஜைக் கற்பூரம் வாங்கி வந்தாள். விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைக் கிள்ளி, வாலில் கற்பூரத் துணுக்கை ஒட்டி, நன்றாகத் தேய்த்த தட்டில் தண்ணீர் ஊற்றி விட்டாள். குச்சி பாய்ந்து ஓடியது. எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட்ட விரலால் தண்ணீரைத் தொட்டாள். நின்றது.

"இவ்வளவுதான் ராணி. தண்ணியில கற்பூரம் கரையறப்ப குச்சியை இழுத்துட்டு ஓடும். பொட்டு எண்ணெய் பட்டாப் போதும், தண்ணி மேல படிஞ்சு நிறுத்திடும். முதல் தடவை வறண்ட தலை, அடுத்த தடவை எண்ணெய்த் தலை. நடுவுல தலையைத் தொட்டுச் சத்தியம். சத்தியம் பண்ற கையில எண்ணெய் ஒட்டுமா ஒட்டாதா?"

அதற்குப் பிறகு பேட்ரிசியாவை யாரும் நிறுத்த முடியவில்லை. கரண்டியைக் கழுவித் தோய்த்தாள், ஓடியது. ஸ்கேலைத் தோய்த்தாள், ஓடியது. அப்பாவின் மூக்குக் கண்ணாடியைத் தோய்த்தாள், அடி வாங்கினாள். கடைசியில் அடுப்படியிலிருந்து மூச்சு வாங்கத் தூக்கி வந்ததைச் சாம்பல் போட்டுக் கழுவி அதன் முனையைத் தண்ணீரில் வைத்தாள்.

"அத்தை, நம்ம குழவிக்கும் மனசு ஓடுது."

சகாயம்மாள் குழவியைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அந்த ஞாயிறு கூட்டம் இன்னும் அதிகம். பரீட்சை பக்கத்தில் வரவர பக்தி பெருகுவது உலக வழக்கம். சகாயம்மாள் பூப்போட்ட டவலில் சுற்றிய ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி வந்தாள். லூர்துராணியும் பேட்ரிசியாவும் பின்னால். தைரியராஜ் அவர்களுக்கும் பின்னால், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. ஓட வேண்டியிருந்தால் வசதி.

சிஷ்யன் கேட்டான். "குழந்தைக்கு என்னம்மா?"

"எங்க வீட்டுக் குழவிங்க. முகத்துக்குக் காத்துப் படக்கூடாது. தலைக்குத் தண்ணி ஊத்திக் கொண்டாந்திருக்கேன். என்ன சொன்னாலும் காதுல ஏறலை."

"பேசுதா?"

"ஒரு வார்த்தை பேசலை."

உள்ளே இருந்து சித்தரின் கம்பீரக் குரல் வந்தது. "குழவியைக் கொண்டு வருக."

"கொண்டாந்துட்டேன் சாமி" என்று சகாயம்மாள் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். இதில் அவள் சொன்ன ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சித்தர் வழக்கப்படி கண்ணை மூடினார். கண்ணைத் திறந்து பார்ப்பது அவருடைய பெருமைக்கு அழகல்ல. "தலையில் கை வைத்துச் சத்தியம்."

"அதுக்கு இன்னும் பேச்சு வரலை சாமி. நான் சொல்லிடறேன். எங்க குழவி மேல சத்தியமா, இது அதோட மனசு."

"விரல்."

சகாயம்மாள் டவலின் ஓரத்தை விலக்கிக் குழவியின் முனையைத் தண்ணீரில் தொட வைத்தாள். சித்தர் வேரை விட்டார். வேர் பறந்தது.

"அம்மம்மா" என்றார் சித்தர் கண்ணைத் திறக்காமல். "எத்தனையோ குழவிகளைக் கண்டேன். இத்தனை சஞ்சலம் கண்டதில்லை. பத்துக் குதிரை ஓடுகிறது இதன் உள்ளே. மூன்று மண்டலம் வேண்டும்."

"மூணு மண்டலம் சாப்பிட்டா மிளகாய் அரைக்குமா சாமி?" என்று கேட்டுவிட்டு அவள் டவலை உருவினாள்.

கறுப்பாக, வழவழப்பாக, முழங்கை நீளத்துக்கு அம்மிக்குழவி. அதைத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்வரிசை எட்டிப் பார்த்தது. சிரிப்பு பரவியது.

அந்தச் சிரிப்போடு கதை முடிந்திருக்க வேண்டும். நம் ஜனங்களை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சித்தர் கண்ணைத் திறந்தார், குழவியைப் பார்த்தார், இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். "கல்லிலும் மனம் உண்டென்று இன்று காட்டிக்கொடுத்தது மனங்காட்டி" என்றார்.

சிரிப்பு நின்றது. ஒரு அம்மாள் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கல்லுக்குள்ள இருக்கறதைக்கூடக் கண்டுபிடிச்சுட்டாரே" என்றது ஒரு குரல். ஒருவர் சட்டைப் பையைத் துழாவி விபூதியை எடுத்துக் குழவிக்குப் பூசப் போனார். இந்த ஊரில் ஒரு மனுஷன் மாட்டிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.

"விபூதி இருக்கட்டும், எண்ணெய் யாருகிட்ட இருக்கு?" என்றாள் சகாயம்மாள். பக்கத்தில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளையின் உச்சந்தலையில் குழவியின் முனையை மெல்ல ஒரு தடவை தடவினாள். அதே தண்ணீரில் மறுபடி தோய்த்தாள். வேர் நின்றது.

"பாருங்க. லேகியம் சாப்பிடாமலே எங்க குழவி குணமாயிடுச்சு. உங்க பிள்ளைங்களுக்கும் இதேதான் நடந்தது. முதல் தடவை எண்ணெய் இல்லை, ஓடிச்சு. அடுத்த தடவை எண்ணெய் இருந்தது, நின்னுச்சு. வேர் வால்ல இருக்கறது கற்பூரம். தலையைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொன்னாரே, அது சாமிக்கு இல்லை. எண்ணெய்க்கு."

"பொய்" என்று சித்தர் தட்டைப் பிடுங்கினார். பதற்றத்தில் சிஷ்யனிடம் புதுத் தண்ணீர் வாங்கி இன்னொரு வேரை விட்டார். செந்தமிழ் கழன்று போய்விட்டது. "இதப் பாருங்க, நல்லாப் பாருங்க, ஓடுது பார், ஓடுது பார், சாவி குடுக்காம ஓடுது பார்..."

கூட்டத்தின் பின்னாலிருந்து தைரியராஜ் வாயைத் திறந்தார். இது அவர் வாழ்க்கையில் முதல் தடவை. "யோவ், உன் பேரு மருதைதானே? போன ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துல 'மருதை கடை'ன்னு அட்டை மாட்டி வாத்து பொம்மை வித்தவன்? இதே மாதிரிதானே கூவினே? வாத்து ரெண்டு நாள்ல முழுகிப் போச்சுய்யா."

சொல்லிவிட்டு அவரே பயந்துபோய் மனைவிக்குப் பின்னால் நின்றுகொண்டார். சொன்னது சொன்னதுதான்.

அதுவரை சித்தராக இருந்த மருதை கையெடுத்துக் கும்பிட்டான். "ஏதோ வயித்துப் பொழப்புங்க. வேர் விளையாட்டுதான், ஒத்துக்கறேன். மருந்து நல்ல மருந்து. பிள்ளைங்க அடங்கலையா, நீங்களே சொல்லுங்க."

கூட்டத்தில் இரண்டு பேர் அதற்குத் தலையைக்கூட ஆட்டினார்கள். பிள்ளைகள் அடங்கியது உண்மைதானே.

நஜ்முன்னிசா எழுந்தாள். தூங்குகிற கலீலைப் பேட்ரிசியாவின் அம்மா மடியில் கிடத்திவிட்டு, தன் பையிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு உருண்டையை எடுத்து மருதையின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"சாப்பிடுங்க."

"நான் விரதம்மா."

"என் பிள்ளை தின்னிச்சு. நாந்தான் ஊட்டிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்குவான், மூக்கைப் புடிச்சு ஊட்டினேன். நீங்க ஒண்ணே ஒண்ணு தின்னுங்க, நான் போயிடறேன்."

மருதை முகத்தைத் திருப்பிக்கொண்டான். கலீல் திருப்பிக்கொண்ட மாதிரியே.

அப்போதுதான் கூடத்திலிருந்த தாய்மார்கள் தங்கள் தோளையும் மடியையும் பார்த்தார்கள். இத்தனை பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தமே இல்லை. பட்டப்பகலில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. இத்தனை வாரமாக அதை அருள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் மகளின் கன்னத்தைத் தட்டி எழுப்பப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. அவள் போட்ட சத்தத்தில் கூடம் கலைந்தது.

மருதை பின்வாசல் வழியாக ஓடினான். புலித்தோல் ஜமுக்காளம் காலில் சிக்கி, வாசற்படியில் குப்புற விழுந்தான். சிஷ்யன் அதற்கு முன்பே உப்பிலியபுரம் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும், அவனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. கிளினிக் டாக்டர் முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் போலீஸ் வந்து மருதையையும் லேகிய அண்டாவையும் ஜீப்பில் ஏற்றினார்கள். சகாயம்மாள் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. தாய்மார்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு பிள்ளைக்கும் இமையைத் தூக்கிப் பார்த்து, யாரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கலீல் முதலாவது. மூன்றாம் நாள் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோப் பாட்டு பாடியதாக நஜ்முன்னிசா பாலக்கரையிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

பேட்ரிசியா பழையபடி ஆகிவிட்டாள். பழையபடி என்றால் அணில், சடை, படகு எல்லாம்தான். சகாயம்மாள் ஸ்கூலுக்குப் போய் ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசினாள். "சிஸ்டர், சில பிள்ளைங்க இப்படித்தான் இருக்குமாம், டாக்டர் சொல்றாரு. உக்காருன்னு சொல்றதுக்குப் பதிலா நடுநடுவே எழுப்பி விடுங்க. போர்டு அழிக்க, நோட்டு குடுக்க, சாக்பீஸ் எடுத்துட்டு வர. ஜன்னலை விட்டு முன்பெஞ்சுல போடுங்க." ஹெட்மிஸ்ட்ரஸ் யோசித்தார். யோசிக்கிறவரிடம் பேசினால் இதுதான் லாபம். டி.சி. கொடுக்கவில்லை. பேட்ரிசியா தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்தாள், அந்த வருஷம் அவள் வகுப்பில் போர்டு மட்டும் பளபளவென்று இருந்தது.

இதோடு எழுந்து போயிருப்பேன். ஆனால் சித்திரையில் ஒரு நாள் காலை நடந்ததையும் சொல்ல வேண்டும். மேலப்புதூர் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். கையில் குங்குமம், எலுமிச்சம்பழம்.

"இங்க ஒரு குழவிக்கு மனசு இருக்காமே" என்றாள் ஒருத்தி. "என் மவனுக்கு டென்த்து ரிசல்ட் வரப்போவுது. தொட்டுக் கும்பிட்டுட்டுப் போயிடறோம்."

சகாயம்மாள் உள்ளே வல்லாரைத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். வல்லாரை துவையலுக்கு ரொம்ப நல்லது. கதவைத் திறந்த பேட்ரிசியா அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அது வேலையா இருக்குங்க. உங்களுக்கு வேலை இல்லையா?"

அவர்கள் குழவியைத் தொட முடியாமல் நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

கல்லுக்கு மூளை இல்லை, அது கல்லின் குற்றமல்ல. இருந்தும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நமக்கு இருக்கிறது. இனி யாராவது உங்களைத் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால் தாராளமாக வையுங்கள். வைத்த கையோடு, எண்ணெய்க்கும் மயிருக்கும் கீழே அங்கே வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.